எட்டாயிரமாம் வாசலில் நின்றவர்கள்

பள்ளிவாசல் கணினியை எங்கள் வீட்டுக்கு மையத்து உடல் மாதிரித்தான் கொண்டுவந்தார்கள். தொழுகைப் பாயில் சுற்றி, ஓட்டோவின் பின் ஆசனத்தில் கிடத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு. ஒரு பக்கம் பள்ளித் தலைவர் றஊப் ஹாஜியார். மறுபக்கம் செயலாளர் நௌஃபர் மாஸ்டர். சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் முற்றத்தில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"பஹ்மிதா, நானா ஊட்டுல இல்லையா?" என்றார் ஹாஜியார்.

நானா என்றது என் அண்ணன் றஸீனை. மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கணினியைப் பள்ளியில் பொருத்தியவன் றஸீன் என்பதுதான் ஊரின் அதிகாரபூர்வமான வரலாறு. கூட்டக் குறிப்பேட்டில் அவனுக்கு நன்றி தெரிவித்து எழுதி வைத்திருக்கிறார்கள். றஸீன் தன் போனுக்குச் சார்ஜ் வயரைச் செருகவே இரண்டு தரம் திருப்பிப் பார்க்கிற ஆள். வீட்டில் வைத்துப் பொருத்திக் கொடுத்தது நான். கொழும்புக் கம்பனி ஒன்றின் சேர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது எட்டு வருடமாக என் தொழில். ஆனால் பள்ளிக் கணினியை ஒரு பொம்பிளைதான் பொருத்தினாள் என்று எழுத மாஸ்டரின் பேனைக்கு மனம் வரவில்லை.

"நானா ஆலங்குடாவுக்கு, வெள்ளைக்காரங்கள ஏத்தப் போயிட்டார். என்ன விசயம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானாவே வேணுமெண்டு இல்ல," என்றார் மாஸ்டர்.

விசயம் இதுதான். பள்ளி நிருவாகம் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலக அறையில் கூடும். ஏழு பேர், கதவு சாத்திய கூட்டம். ஆனால் உள்ளே கதைத்தது அவர்கள் செருப்பைத் தேடிப் போடுமுன் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. போன கூட்டத்தில் ஹாஜியார், நம் மௌலவியின் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பாவைத் தூக்கக் குளிசை என்று சொன்னாராம். அவர் வீட்டுப் படலையைத் திறக்கிறதுக்குள் மௌலவியின் மச்சான் கட்டாரிலிருந்து கோல் எடுத்து, எத்தனை மில்லிகிராம் என்று கேட்டிருக்கிறார்.

"கூட்டத்துக்குள்ள வெளி ஆள் எண்டு வாறது ஒராள்தான்," என்றார் ஹாஜியார். "தேத்தண்ணி கொண்டு வாற மோதினார்."

மோதினார் ஹயாத்து முகம்மது பதினொரு வருடமாகப் பள்ளியில் பாங்கு சொல்கிறவர், கூட்டுகிறவர், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவும் ஹவ்ளுக்குத் தண்ணீர் நிரப்புகிறவர். மனைவி மௌத்தாகிவிட்டார். பள்ளிக்குப் பின்னாலுள்ள அறைதான் அவருக்கு வீடு. வேலை போனால் அந்த அறையும் போகும்.

"போன கூட்டத்துலயே அவரப் பத்திக் கதைச்சி, கடிதமும் டைப் பண்ணி முடிஞ்சி. நாளைக்குக் கூட்டத்துல குடுக்கிறதுதான். அவர் போன வச்சி, கம்பியூட்டர வச்சி என்னமோ செய்றாரு எண்டு நீங்க ஒரு சாட்சி தந்தா, ஜமாஅத்துக்கு வாய் திறக்க ஏலாது," என்றார் மாஸ்டர்.

தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுச் சாட்சி தேடி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்த இடத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. நெத்தலித் தட்டைக் கீழே வைத்தேன்.

"செத்துக் கிடக்கிறதக் கொண்டு வந்து நாடி பாருங்க எண்டா எப்பிடி ஹாஜியார்? இது பள்ளியில, லைன்ல ஓடிக்கொண்டு இரிக்கோணும். அப்பதான் ஆரு ஆரு வந்து தொட்டுக்கொண்டு இரிக்காங்க எண்டு தெரியும். நீங்க வயரக் கழட்டின உடனே எல்லாரும் போயிருப்பாங்க."

"ஒங்களப் பள்ளிக்கு வரச் சொல்றது சரியில்லையே எண்டுதான்," என்று இழுத்தார் மாஸ்டர்.

"நான் வர வேணாம். இங்கேருந்தே பாப்பன்."

"அத முந்தியே சொல்லியிருக்கலாமே."

"முந்தியே கேட்டிருக்கலாமே."

கணினி மறுபடியும் பாயில் சுற்றப்பட்டு, வந்த வழியே போனது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு என் கணினியின் முன் உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் ss என்று இரண்டு எழுத்தும், கூட நாலைந்து எழுத்தும் தட்டினால், எங்கோ இருக்கும் கணினி தன் வாசல்களை வரிசையாக ஒப்புவிக்கும். போர்ட் என்பது எண் போட்ட வாசல். ஒவ்வொரு கணினிக்கும் அறுபத்தையாயிரத்துச் சொச்சம் உண்டு, பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். திறந்திருக்கும் வாசலுக்கு உள்ளே எந்த மென்பொருள் காவல் இருக்கிறது என்பது பட்டியலில் வரும். வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்த வாசலைப் பிடித்துக்கொண்டால், அந்தப் பிடிக்குப் பெயர் சொக்கட். பிடித்தவரின் முகவரியும் சேர்ந்தே வரும். ஆளைப் பார்த்து மாற்றிச் சொல்லத் தெரியாத பட்டியல் அது. பள்ளி சம்பந்தப்பட்ட பட்டியல்களில் எனக்குப் பிடித்ததும் அது ஒன்றுதான்.

திறந்திருந்தவை மூன்று வாசல்கள். இருபத்திரண்டு, நான் உள்ளே போகிறது. அறுநூற்று முப்பத்தொன்று, அச்சடிக்கும் இயந்திரத்துடையது. எட்டாயிரம், பள்ளி ரேடியோ. மூன்றும் நானே திறந்து வைத்தவை. நாலாவது ஒன்று இல்லை. கள்ள மென்பொருள், ஒற்றன், ஹாஜியார் எதிர்பார்த்த எந்தச் சாமானும் இல்லை.

பள்ளி ரேடியோ என்றால், பாங்கையும் குத்பாவையும் ஜனாஸா என்கிற மரண அறிவித்தலையும், அலுவலக அறையில் மைக்கோடு இருக்கும் அந்தக் கணினி வழியாக, வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்கு இணையத்தில் அனுப்புகிற ஏற்பாடு. லுஹர் பாங்கு முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ரேடியோவில் ஒன்றும் இருக்கக் கூடாது. கேட்கவும் ஆள் இருக்கக் கூடாது. ஆனால் எட்டாயிரத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகவரி குவைத்திலிருந்து. ரேடியோவின் பதிவேட்டைப் பார்த்தால், அது விடிந்ததிலிருந்தே நிற்கிறது, வயரைக் கழற்றிக் கொண்டுவந்த நேரம் மட்டும்தான் இடைவெளி; நேற்றும் நின்றிருக்கிறது, முந்தாநாளும்.

மற்ற முகவரி பள்ளியின் சொந்த வைஃபையிலிருந்தே வந்திருந்தது. பள்ளியும் தலைவர் வீடும் ஒரே மதில். வைஃபையின் கடவுச்சொல்லை ஹாஜியார் நிருவாகத் தேவைக்காக என்று தன் வீட்டுக்கும் கொடுத்திருந்தார். ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். அந்தப் போனின் பெயர் நஃபீஸா. ஹாஜியாரின் மனைவி.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகுதான், ஒன்றுமே இல்லாத ரேடியோவில் இந்த இரண்டு பேரும் எதைக் கேட்கிறார்கள் என்ற கேள்வி வந்தது. காதில் இயர்போனைச் செருகினேன்.

விளக்குமாறு சீமெந்தில் இழுபடும் சத்தம். ஒரு இருமல். வாளியை நகர்த்தும் சத்தம். பிறகு மோதினாரின் குரல், பக்கத்தில் நின்று கதைப்பது போலத் தெளிவாக:

"அமானி, பூன மறுவாட்டியும் குட்டி போட்டிரிக்கு. மிம்பர் படிக்குக் கீழ. தலைவருக்குச் சொல்லல்ல. சொன்னா அதுக்கும் கூட்டம் போடுவாங்க."

அமானி அவருடைய ஒரே மகள். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை.

"இண்டைக்குக் காத்து கூட. தோணி ஒண்டும் இறங்கல்ல. பருப்புதான். நீ சாப்பிட்டியா எண்டு கேட்டா இப்ப பதில் வராது. வெள்ளிக்கிழம சொல்லு."

விளக்குமாறு கொஞ்ச நேரம் இழுபட்டது.

நான் இயர்போனைப் பிடுங்கி எடுத்தேன். பிறர் வீட்டு யன்னலால் எட்டிப் பார்த்து அகப்பட்டவள் மாதிரி வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது, அதை மறைக்க ஒன்றுமில்லை. அலுவலக அறையின் மைக் திறந்தே கிடக்கிறது. கூட்டத்தில் ஏழு பேர் கதைப்பதெல்லாம் உலகம் முழுக்கப் போகிறது. மோதினார் ஒருவரிடமும் ஒன்றும் கொண்டுபோகவில்லை. இதைச் சொன்னால் அவர் தப்பிவிடுவார். சொன்ன அடுத்த நிமிடம் மைக்கையும் நிற்பாட்டிவிடுவார்கள்.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு பள்ளியின் பின் மதிலுக்குப் போனேன். மோதினார் கிணற்றடியில் விளக்குமாற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சாச்சா, மைக் ஓடுறது ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுட்டீங்களா மகள்?"

"கொஞ்சம்."

"டேப் ஒட்டின நாளேருந்து தெரியும்," என்றார்.

டேப் கதையையும் அவர்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக, ஒரு ஜனாஸா அறிவித்தல் வெளிநாட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது. உம்மா மௌத்தான செய்தி கட்டாரில் இருந்த மகனுக்கு அடக்கம் முடிந்த பிறகுதான் கிடைத்தது. ஊர் கொதித்தது. அடுத்த கூட்டத்தில் ஹாஜியார் எழும்பி, இந்த மைக் இனி எக்காலத்திலும் அணைக்கப்படக் கூடாது என்று தீர்மானம் போட்டு, சுவிட்சுக்கு மேல் கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி, தன் கையாலேயே ‘தொடாதீர், தலைவர்’ என்று எழுதினார். மினாராவின் ஒலிபெருக்கிக்கு வேறு சுவிட்ச். அது அணைந்திருந்தால் மைக்கும் தூங்குகிறது என்று ஏழு பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"அமானிக்கு அங்க போன் கதைக்க வெள்ளிக்கிழமதான் உடுவாங்க, அர மணித்தியாலம். ரேடியோ கேட்டா ஏசுறல்ல. பள்ளி ரேடியோ எண்டவுடனே அந்த ஊட்டுப் பொம்பள, புள்ளக்கி நல்ல ஈமான் எண்டு சந்தோசப்பட்டாளாம். ஒரு காதுல போட்டுக்கொண்டு வேல செய்வா. நானும் அறையக் கூட்டிப் பெருக்கக்குள்ள ரெண்டு கத சொல்லுவன்."

"ஒங்களத்தான் சந்தேகப்படுறாங்க சாச்சா. ஏன் சொல்லல்ல?"

"சொன்னா மைக்க நிப்பாட்டுவாங்க. சொல்லாட்டி என்ன நிப்பாட்டுவாங்க. ரெண்டுலயும் அவளுக்குச் சத்தம் கேக்காது. நாளை வரைக்குமாவது ஓடட்டுமே எண்டு இரிந்தன்."

"போன கூட்டத்துல ஒங்களப் பத்திக் கதைச்சதயும் அமானி கேட்டிருப்பாவே."

"கேட்டிருப்பா," என்றார். "நேத்துக் கோல்ல அவவும் சொல்லல்ல. நானும் சொல்லல்ல. பூனக்குட்டிக்கு என்ன பேர் வைக்கிற எண்டு அர மணித்தியாலம் கதைச்சோம்."

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, மாலை வரை கோபத்தோடு யோசித்தேன். எனக்குக் கோபத்தில்தான் யோசனை நன்றாக ஓடும். ராவு இஷா தொழுகைக்கு முன் நஃபீஸா மாமிக்குக் கோல் எடுத்தேன்.

"மாமி, நாளைக்குக் கூட்டம் நடக்கக்குள்ள ஹாஜியார் ஒங்களுக்குக் கோல் எடுப்பார். ரேடியோவ நிப்பாட்டாதீங்க."

"எந்த ரேடியோ?" என்றார் மாமி.

"ஒங்கட போன்ட பேர் ரவுட்டர்ல இரிக்கு மாமி," என்றேன்.

"கோல் வந்தா போன்ல ரேடியோ நிண்டுருமே மகள். பேரப்புள்ளட டெப்ல போடுறன். சத்தம் எவ்வளவு வைக்க?"

"முழுக்க வையுங்க மாமி."

ஞாயிறு அஸர் முடிந்தது. நான் மடியில் கணினியோடு அடுப்படியில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எட்டாயிரத்தில் நாலு பேர். நாலு மணிக்குப் பதினெட்டு. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு நாற்பத்தொன்று. கட்டார், குவைத், சவூதி, இத்தாலியிலிருந்துகூட ஒன்று. அரபு நாடுகளில் ஞாயிறு வேலை நாள்; அந்த வேலை நேரத்தில், நாற்பத்தொரு பேர் வந்து வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மௌலவியின் குத்பாவுக்குப் பதினைந்துக்கு மேல் நான் ஒருநாளும் கண்டதில்லை. குளிசை விசயத்தில் ஹாஜியார் பக்கம் நியாயம் இருந்தது.

மாஸ்டர் எனக்குக் கோல் எடுத்து, போனை மேசையில் வைத்தார். எனக்கு அறை போனிலும் கேட்டது, ரேடியோவிலும் கேட்டது. ரேடியோ இருபது செக்கன் பிந்தி வரும், இணையத்தால் சுற்றி வருகிறதால்.

"மோதினார், தட்ட வச்சிட்டு நில்லுங்க," என்றது ஹாஜியாரின் குரல். கோப்பைகள் தட்டில் உரசின. "பதினொரு வருசம் இந்த அல்லாஹ்ட ஊட்டு உப்பத் திண்டுட்டு, கதவுக்குள்ள கதைக்கிறதத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போறது முனாபிக்குட வேல, ரெட்ட மொகக்காரன்ட வேல. இதுக்கு மேல ஒங்களுக்கு இங்க இடமில்ல."

"நான் ஒண்டும் கொண்டு போகல்ல ஹாஜியார்," என்றார் மோதினார். அவ்வளவுதான் சொன்னார்.

"தங்கச்சி, ஒங்கட சாட்சியச் சொல்லுங்க," என்றார் மாஸ்டர். நேற்று வரை நான் தங்கச்சி இல்லை.

"சாட்சி எங்கிட்ட இல்ல மாஸ்டர், ஹாஜியார்ட ஊட்டுல இரிக்கு. ஹாஜியார் இப்பவே மாமிக்கு ஒரு கோல் எடுத்து ஸ்பீக்கர்ல போடட்டும்."

"இதுக்குள்ள அவள் என்னத்துக்கு?" என்றார் ஹாஜியார். ஆனால் எடுத்தார். எடுக்காவிட்டால் மற்ற ஆறு பேரும் என்ன நினைப்பார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

மாமி உடனே எடுத்தார். ஹலோ சொல்லவில்லை. ஹாஜியாரின் போனிலிருந்து, அவர் வீட்டு அடுப்படியிலிருந்து, அவருடைய குரலே வந்தது, முழுச் சத்தத்தில்: "இதுக்குள்ள அவள் என்னத்துக்கு?"



"நான் என்னத்துக்கு எண்டு ஊட்டுக்கு வந்து கேளுங்க," என்றார் நஃபீஸா மாமி.

"நஃபீஸா, ஒனக்கு இது எப்பிடி?"

"நான் என்ன களவாவா கேட்டன்? பள்ளி ரேடியோதானே. உலகத்துக்கே விட்டுப்போட்டு எங்கிட்ட மட்டும் கேக்கிறீங்க."

நான் சொன்னேன், "நாப்பத்தொரு பேர் இப்பவும் கேட்டுக்கொண்டு இரிக்காங்க ஹாஜியார். மைக்க அணைக்க ஏலாம டேப் ஒட்டியிரிக்கு. ஆர்ட பேர் எழுதியிரிக்கு எண்டு பாருங்க."

கதிரை ஒன்று பின்னால் தள்ளப்பட்டது. நகத்தால் டேப்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது. இதற்காகத்தான் நான் ராவு முழுக்கக் காத்திருந்தேன்.

"கழட்ட முந்தி குறிப்பேட்டப் பாருங்க," என்றேன். "எக்காலத்திலும் அணைக்கப்படக் கூடாது, ஏகமனதாக எண்டு மாஸ்டர்ட கையெழுத்துல இரிக்கு. மாத்திறதெண்டா ஜமாஅத்தக் கூட்டோணும். ஜனாஸா அறிவித்தல நிப்பாட்டப் போற தலைவர் எண்டு நாப்பத்தொரு பேரும் இப்ப கேக்கப் போறாங்க. மைக் இரிந்த இடத்துலதான் இரிக்கு ஹாஜியார். நீங்கதான் வந்து அதுக்கு முன்னால இரிந்து கதைக்கிறீங்க. கூட்டத்த வேற எங்கயும் வையுங்க."

நகச்சத்தம் நின்றது. பக்கம் புரட்டும் சத்தம். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அப்பிடித்தான் எழுதியிரிக்கு," என்றார், மிகவும் மெதுவாக. மெதுவாகச் சொன்னாலும் இத்தாலி வரை போகும் என்பது அவருக்கு இன்னும் முழுதாக உறைக்கவில்லை.

பிறகு ஹாஜியார் பேசினார். அந்த மனிதரைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும், இதையும் சொல்ல வேண்டும். "மாஸ்டர், அந்தக் கடிதத்தத் தாங்க," என்றார். கிழித்தார். இரண்டாக, நாலாக. "மோதினார், என்ன மன்னிச்சிருங்க. பதினொரு வருசத்த ஒரு நிமிசத்துல பேசிட்டன்."

போனில் அதைக் கேட்டு எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த கணம் ரேடியோ ஞாபகம் வந்தது. அங்கே மாஸ்டர் இன்னும் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். குவைத்தில் அமானி கேட்பதும் அதைத்தான், கையில் அயர்ன் பெட்டியோ சட்டியோ எதுவோ. இன்னும் இருபது செக்கனுக்கு அவளுடைய வாப்பா வேலை போனவர், முனாபிக். நான் திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபதை நான் எண்ணியதில்லை. பிறகு ரேடியோவில் கடிதம் கிழிந்தது. நாலாகக் கிழிந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கூட்டம் கலைந்தது. அடுத்த கூட்டம் கடற்கரையில் மாஸ்டரின் மச்சானுடைய மீன் வாடிக் கொட்டிலில் என்று முடிவானது. இந்தக் காற்றில் அங்கே குறிப்பேட்டுக்கு மேல் கல் வைக்க வேண்டியிருக்கும். கதைக்கிறது ஒருவருக்கொருவர் கேட்கவும் போவதில்லை. ஊருக்கு அது நல்லது.

எட்டாயிரத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டே போனார்கள். முப்பது, பன்னிரண்டு, ஐந்து. நஃபீஸா மாமியும் போய்விட்டார், வீட்டில் அவருக்கு இனி வேறு கூட்டம். கடைசியில் இரண்டு. ஒன்று குவைத். மற்றது நான்.

காதில் ஒருவரும் தொடாத தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. கதிரை ஒன்று இழுபட்டது. மோதினார் மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

"அமானி," என்றார்.

நான் என் இணைப்பைத் துண்டித்தேன். கடைசியாக ஒருமுறை ss தட்டிப் பார்த்தேன். எட்டாயிரத்தில் ஒரே ஒரு ஆள் நின்றாள். கணினியை மூடிவிட்டு, நெத்தலியை உள்ளே எடுக்க எழும்பினேன்.